மாடி வீட்டுக்கு ரீ-ஒயரிங்: சுவரை உடைக்கும் முன் தாளில் முடிக்கவேண்டிய வேலைகள்

மூன்று தளம் உள்ள பெரிய வீட்டில் பழைய ஒயரையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறோம் என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி ஒயர் நல்லது?" என்றுதான். அது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. தரச்சான்று உள்ள செம்பு ஒயர் எதை வாங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும். தகராறு எங்கே வருகிறதென்றால், மீட்டரிலிருந்து மொட்டை மாடி வரை மின்சாரம் எந்த வழியாக ஏறுகிறது, எந்த மாடியில் எப்படிப் பிரிகிறது என்பதில்தான். ஒற்றைத் தள வீட்டில் இதை வேலையின் நடுவில்கூட மாற்றிக்கொள்ளலாம். மாடி வீட்டில் தப்பாக ஏறிய கேபிளை மாற்ற மூன்று தளத்துச் சுவரையும் மறுபடி உடைக்கவேண்டும். அதனால் வீட்டை முதலில் மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். அறைகள் அப்புறம்.

இங்கே சொல்வதெல்லாம் திட்டமிடுவதற்கு. ஒயர் இழுப்பதும், இணைப்பதும், சோதிப்பதும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. ஒவ்வொரு நாட்டிலும் மின் விதிகள் கொஞ்சம் வேறுபடும். ஆனால் பல நாடுகளின் விதிகளுக்கு அடிப்படை ஐஇசி 60364 என்ற பன்னாட்டுத் தரநிலைதான். கீழே வரும் எண்கள் 230 வோல்ட் ஒற்றை பேஸ், 400 வோல்ட் மூன்று பேஸ் வீடுகளுக்கானவை.

இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தாளில் வரைபடம் போட்டு, இருக்கும் லைட், ஃபேன், பிளக், சுவிட்ச் போர்டு எல்லாவற்றுக்கும் எண் கொடுங்கள். பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் மெயின் போர்டில் நின்று ஒவ்வொரு பியூஸாக அணைக்கவேண்டும். இன்னொருவர் ஒரு மேஜை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி, எது எது அணைந்தது என்று எழுதவேண்டும். அரை நாள் பிடிக்கும். 'சமையலறை' என்று எழுதியிருக்கும் பியூஸை எடுத்தால் இரண்டாம் மாடிக் குளியலறை இருட்டாகும். பழைய வீட்டில் இது சகஜம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் பக்கத்தில் கிடைத்த ஒயரிலிருந்து ஒரு பாயின்ட் இழுத்திருப்பார்.

மாடிப்படி விளக்கைத் தனியாக, நிதானமாகப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூ-வேயில் எரியும் விளக்கு அது. பழைய ஆட்கள் ஒயரை மிச்சப்படுத்த, மின்சாரம் வரும் பேஸைக் கீழ்த்தளத்து லைட் சர்க்யூட்டிலிருந்தும் அது திரும்பிப்போகும் நியூட்ரலை மேல் தளத்து சர்க்யூட்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். பியூஸ் காலத்தில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போன ஒரு வீட்டில் மாடிக்கு ஒன்றாகப் புது ஆர்சிசிபி மாட்டிய அன்று சாயங்காலம் படிக்கட்டு விளக்கைப் போட்டதும் இரண்டு மாடியும் ஒரே நேரத்தில் அணைந்தன. காரணம் எளிது. ஆர்சிசிபி, தன் வழியாகப் போன மின்னோட்டம் தன் வழியாகவே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் கருவி. கீழ்த்தளத்துக் கருவி வழியாகப் போனது மேல் தளத்துக் கருவி வழியாகத் திரும்பினால், கீழே உள்ளதற்குக் கணக்கில் குறைகிறது, மேலே உள்ளதற்குக் கூடுகிறது. இரண்டுமே கசிவு என்று நினைத்து விழுந்துவிடும். இது வெறும் தொல்லை மட்டுமில்லை. மேல் தளத்தை அணைத்துவிட்டோம் என்று நம்பி அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரிப்பவருக்கு, விளக்கின் வழியாகக் கீழ்த்தளத்துப் பேஸ் வந்து அடிக்கும். புதுத் திட்டத்தில் மாடிப்படிக்கென்று ஒரு தனி சர்க்யூட். பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே டிபியிலிருந்து (டிபி என்பது பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி). இதில் பேரமே வேண்டாம்.

அடுத்து ஒயரின் வயது. நாலைந்து சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் போதும். ரப்பர் உறை, அதன் மேல் துணி சுற்றியது என்றால் அதைத் தொட்டாலே உதிரும். அந்த வீட்டில் 'பாதி மட்டும் மாற்றலாம்' என்ற பேச்சே எடுக்கவேண்டாம். பிவிசி உறையாக இருந்தாலும் கருகி, வளைத்தால் வெடிக்கிறது என்றால் அங்கே சூடு ஏறியிருக்கிறது. அலுமினிய ஒயரும் செம்பு ஒயரும் சேர்த்து முறுக்கிய இணைப்பு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரித்து, இணைப்பு தளர்ந்து சூடாகும். பீங்கான் பியூஸ் கேரியர்களில் கல்நார் பட்டை வைத்த காலமும் உண்டு. அதைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. எடுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கடைசியாக, சுவருக்குள் இருக்கும் பழைய பைப் திரும்பப் பயன்படுமா? மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு தளத்திலும் இரண்டு மூன்று இடங்களில் பழைய ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சுலபமாக நகர்ந்தால் அந்த ஒயரின் நுனியிலேயே புதிய ஒயரைக் கட்டி இழுத்துவிடலாம், சுவர் தப்பித்தது. அசையவே இல்லை என்றால் பைப் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் நசுங்கியிருக்கும். வேலையின் செலவும் நாளும் எவ்வளவு என்பதை இந்தச் சோதனைதான் முடிவு செய்கிறது. மதிப்பீடு கேட்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

லோடு கணக்கு

வீட்டில் இருப்பதையும், அடுத்த பதினைந்து வருஷத்தில் வரக்கூடியதையும் எழுதுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: நான்கு ஏசி, ஒவ்வொன்றும் 1.6 கிலோவாட் என்றால் 6.4. மூன்று வாட்டர் ஹீட்டர், தலா 2 என்றால் 6. மின் அடுப்பு 2, ஓவன் 2, தண்ணீரைச் சூடாக்கும் வாஷிங் மெஷின் 2. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் சுமார் 1.1. லைட், ஃபேன் எல்லாம் சேர்த்து 2. ஃப்ரிட்ஜ், டிவி, கணினி வகையறா 1.5. மொத்தம் 23 கிலோவாட்.

இது எல்லாமும் ஒரே நேரத்தில் ஓடாது. வீடு மிகவும் பரபரப்பாக இருக்கும் ஒரு மணி நேரத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்: நான்கு ஏசியும் ஓடுகின்றன, ஒரு ஹீட்டர் சூடாகிறது, அடுப்பு எரிகிறது, லைட் ஃபேன் 1.5, மற்றவை 1. கூட்டினால் 12.9 கிலோவாட். ஒற்றை பேஸில் இது 56 ஆம்ப். மூன்று பேஸில் சமமாகப் பிரித்தால் ஒரு பேஸுக்கு 19 ஆம்ப்கூட வராது. இதோடு பிற்காலத்தில் ஒரு மின்சாரக் கார் வந்து 32 ஆம்ப் சார்ஜர் மாட்டினால் அது தனியாக 7.4 கிலோவாட். ஒற்றை பேஸ் வீட்டுக்கு அது தாங்காது. அதனால் பெரிய வீட்டுக்கு ரீ-ஒயரிங் செய்யும்போதே மூன்று பேஸுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மின் இணைப்பு தரும் அலுவலகத்தில் விண்ணப்பத்தை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள். ஒயரிங் முடிந்தும் கூடுதல் லோடு வராமல் காத்துக் கிடக்கும் வீடுகள் நிறைய.

செங்குத்துப் பாதை: இதுதான் வேலையின் முதுகெலும்பு

மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் டிபி. அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி கேபிள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு டிபி. இவ்வளவுதான் அமைப்பு. கீழ்த்தள டிபியிலிருந்து முதல் மாடிக்கும், முதல் மாடி டிபியிலிருந்து இரண்டாம் மாடிக்கும் என்று தொடர்ச்சியாகக் கோத்துக்கொண்டே போகச் சிலர் சொல்வார்கள். கேபிள் கொஞ்சம் மிச்சமாகும், சரி. ஆனால் முதல் மாடியில் ஒரு திருகு தளர்ந்தால் இரண்டாம் மாடியும் சேர்ந்து திண்டாடும். தனித்தனிக் கேபிள் போட்டு, மெயின் டிபியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக்கர் வைத்தால், எந்த மாடியில் வேலை நடந்தாலும் அதை மட்டும் அணைக்கலாம்.

கேபிள் ஏறும் இடம் எது? பெரும்பாலும் மாடிப்படிச் சுவர்தான் பொருத்தம். எல்லாத் தளத்திலும் ஒரே நேர்கோட்டில் வரும், எப்போதும் எட்டும். குளியலறைக்கு ஒட்டிய சுவரும் தண்ணீர்க் குழாய் இறங்கும் சந்தும் வேண்டாம். காலம் என்றைக்காவது ஒருநாள் அந்தக் குழாயைக் கசிய வைக்கும். கான்கிரீட் தூணிலும் பீமிலும் காடி, அதாவது பைப் பதிக்கும் பள்ளம், எடுக்கவே கூடாது. தளத்தைத் துளைக்கும் இடத்தைக் கட்டுமான எஞ்சினியர் ஒருவரிடம் காட்டிவிட்டு, கம்பி அறுபடாத இடமாகப் பார்த்து, உளி சுத்தியலுக்குப் பதில் வட்டமாகக் குடையும் கோர் டிரில் போட்டுத் துளைக்கவேண்டும். கேபிள் போன பிறகு அந்தத் துளையைச் சுற்றித் தீ தடுக்கும் பூச்சால் அடைக்கவேண்டும். அப்படியே திறந்து விட்டால் ஒரு மாடியில் பிடித்த தீயும் புகையும் புகைபோக்கியில் ஏறுவதுபோல அடுத்த மாடிக்கு ஏறிவிடும்.

தளத்துக்கு ஒரு பைப் என்று கணக்குப் போட்டு, மீட்டரிலிருந்து மொட்டை மாடி வரை கூடுதலாக ஒரு காலிப் பைப்பும் போட்டுவிடுங்கள். சோலார், மேல்தொட்டி மோட்டார், ஆன்டெனா, இன்னும் பெயரே தெரியாத ஏதோ ஒன்று என்று அதற்கு வேலை வந்தே தீரும். அதனுள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள்.

கேபிள் தடிமனை மின்னழுத்த வீழ்ச்சியை வைத்துப் பாருங்கள். இரண்டாம் மாடிக்கு உச்ச லோடு 6 கிலோவாட், அதாவது 26 ஆம்ப். மெயினிலிருந்து கேபிள் நீளம் 25 மீட்டர் என்று வையுங்கள். 6 சதுர மிமீ செம்புக் கேபிளில் ஆம்புக்கும் மீட்டருக்கும் சுமார் 7.3 மில்லிவோல்ட் வீதம் குறையும். பெருக்கினால் 4.7 வோல்ட், 2 சதவீதம். 10 சதுர மிமீ என்றால் 4.4 வீதம், 2.9 வோல்ட், 1.2 சதவீதம். மீட்டரிலிருந்து கடைசி விளக்கு வரை மொத்தம் 3 சதவீதத்துக்குள், மற்ற கருவிகளுக்கு 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்ல அளவு. கேபிளே 2 சதவீதத்தைத் தின்றுவிட்டால் அறைக்குள் போகும் லைட் ஒயருக்கு மிச்சம் ஒரு சதவீதம்தான். அதனால் 10 போடுங்கள். சிக்கனம் பார்க்கவேண்டிய இடம் இந்தக் கேபிள் இல்லை.

மூன்று பேஸ் வீட்டில் மாடிக்கு ஒரு பேஸ் என்று பிரிப்பதா, எல்லா மாடிக்கும் மூன்று பேஸும் கொண்டுபோவதா? முதலாவது எளிமை. ஒரு மாடிக்குள் ஒரே பேஸ்தான் என்பதால், ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு பேஸ் சந்தித்து 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் நான்கு ஏசியில் மூன்று ஒரே மாடியில் இருந்தால் அந்த பேஸ் மட்டும் முக்கும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். நான் செய்வது: சிறிய லோடு உள்ள மாடிக்கு ஒரு பேஸ், ஏசிகள் குவிந்த மாடிக்கு மூன்று. மூன்று போகும் மாடியில் ஏசிகளைப் பேஸ் மாற்றிப் பிரித்து, லைட்டும் சாதாரண பிளக்கும் மட்டும் ஒரே பேஸில்.

மூன்று பேஸ் என்றாலே நியூட்ரலைப் பற்றிப் பயம் வேண்டும். மெயினில் நியூட்ரல் திருகு தளர்ந்து விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு மாடி ஒரு பேஸில், இன்னொரு மாடி இன்னொரு பேஸில். நடுவில் திரும்பிப்போக வழி இல்லாததால் இரண்டு மாடியும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல ஆகிவிடும். ஏசி ஓடும் மாடிக்கு வோல்ட்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கும். நாலு எல்இடி மட்டும் எரியும் மாடிக்கு 300-க்கு மேலே ஏறும். டிவி, ஃப்ரிட்ஜ், சார்ஜர் என்று வரிசையாகப் போகும். பிரேக்கர் எதுவும் விழாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. எனவே நியூட்ரல் கேபிள் பேஸுக்குச் சமமான தடிமனில். நியூட்ரலில் பியூஸ் கிடையாது. நியூட்ரலை மட்டும் தனியாக வெட்டும் சுவிட்சும் கிடையாது. வெட்டினால் நான்கு துருவமும் சேர்ந்து வெட்டும் சுவிட்ச். அதோடு, வோல்ட்டேஜ் எல்லை மீறினால் துண்டிக்கும் ரிலே ஒன்றை மெயினில் வைத்துவிட்டால் நிம்மதி.

டிபி வைக்கும் இடம்: அந்த மாடியின் லோடுக்கு நடுவாக, காய்ந்த சுவரில், கண் உயரத்தில். அலமாரிக்குள்ளும் குளியலறைச் சுவரிலும் கூடாது. பெட்டி வாங்கும்போது இன்றைய தேவையைவிடக் கால் பங்கு இடம் காலியாக இருக்கும்படி வாங்குங்கள்.

பாயின்ட் குறிப்பது

வரைபடத்தில் குறிப்பது போதாது. சுவரில் சாக்பீஸால் குறிக்கவேண்டும், அதுவும் அந்த அறையில் இருப்பவர் கூட நிற்கும்போது. கட்டில் எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், கதவுக்குப் பின்னால் சுவிட்ச் ஒளிந்துவிடுமா என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். வீட்டில் வயதானவர் இருந்தால் படுத்துக்கொண்டே கை எட்டும் சுவிட்ச் எது என்று அவரையே படுக்கவைத்துக் கேளுங்கள். சமையல் மேடைக்கு மேலே எத்தனை பிளக் என்று கேட்டால் எல்லோரும் குறைவாகத்தான் சொல்வார்கள். சொன்னதை ஒன்றரை மடங்காக்குங்கள். சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒயர் நேர் மேலாகவோ நேர் கிடையாகவோதான் போகவேண்டும். சாய்வாகக் காடி எடுத்துச் சுருக்குவழி போனால் பிற்காலத்தில் யாராவது ஆணி அடிப்பார்கள். செங்கல் சுவரில் செங்குத்துக் காடி, சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகாமலும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாமலும் இருக்கட்டும்.

சர்க்யூட் பிரிப்பு

ஏசி, வாட்டர் ஹீட்டர், ஓவன், வாஷிங் மெஷின், மின் அடுப்பு, மோட்டார்: ஒன்றுக்கு ஒன்று தனி சர்க்யூட். சமையலறை பிளக்குகளுக்குக் குறைந்தது இரண்டு. ஃப்ரிட்ஜ் தனி. ஒவ்வொரு மாடியிலும் லைட் சர்க்யூட் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று விழுந்தால் மாடி முழுக்க இருட்டாகக் கூடாது. லைட்டையும் பிளக்கையும் ஒரே சர்க்யூட்டில் போடாதீர்கள். மாடிப்படி, வாசல், வெளி விளக்குகள் தனி.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அது எந்தெந்த சர்க்யூட்டுக்கு மின்சாரம் தரும் என்பதை இப்போதே முடிவு செய்து, அந்த சர்க்யூட்டுகளின் நியூட்ரலைத் தனிப் பட்டையில் வைக்கவேண்டும். மெயின் நியூட்ரலோடு கலந்துவிட்டால் மாடிப்படி விளக்கின் கதைதான்: ஆர்சிசிபி போட்டால் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். கலந்த நியூட்ரலைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பதைப்போல மனிதனைச் சலிப்படையவைக்கும் வேலை இந்தத் தொழிலில் வேறு இல்லை.

ஒயர் தடிமன்

லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மிமீ என்ற வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரியும். அது எங்கே சறுக்குகிறது என்று ஒரே ஓர் உதாரணம். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 சதுர மிமீ பிவிசி செம்பு ஒயர், சுற்றுவெப்பம் 30 டிகிரியில், தனியாகப் போனால் 24 ஆம்ப் தாங்கும். வெப்பம் 40 டிகிரி என்றால் 0.87-ஆல் பெருக்கவேண்டும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட் சேர்ந்து போனால் இன்னும் 0.7-ஆல். 24 × 0.87 × 0.7 = 14.6 ஆம்ப். இதற்கு முன்னால் 16 ஆம்ப் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் விழும் பிரேக்கர், இருக்கிறது. அதாவது எம்சிபி விழாமலே ஒயர் தன் அளவுக்கு மேல் சூடாகிக்கொண்டிருக்கலாம். இதே நிலையில் 4 சதுர மிமீ என்றால் 32-இல் தொடங்கி 19.5-இல் நிற்கும், அது சரி. இரண்டு வழிகள்தான்: ஒயரைத் தடிமனாக்குங்கள், இல்லையென்றால் பைப்பைப் பிரியுங்கள். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் நிறையக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், நீண்ட ஓட்டங்களுக்கு 20 மிமீ பைப்பைவிட 25 மிமீ எவ்வளவோ மேல்.

எம்சிபி காப்பாற்றுவது ஒயரைத்தான், கருவியை இல்லை. 'அடிக்கடி விழுகிறது, பெரிசாகப் போட்டுவிடு' என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போட்டால், அதற்கப்புறம் பியூஸாக வேலை செய்வது சுவருக்குள் இருக்கும் ஒயர்தான்.

நிறம்: நாட்டுக்கு நாடு மாறும். பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். ஐஇசி முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். பழைய வீட்டில் பாதி பழையது, பாதி புதியது என்று நின்றால் நீலமும் கறுப்பும் இடம் மாறிக்கொள்ளும். அது ஆளைக் கொல்லக்கூடிய குழப்பம். எர்த் எங்கும் பச்சை, அல்லது பச்சை-மஞ்சள்.

பாதுகாப்புக் கருவிகள்

பெரிய வீட்டில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, மெயினில் ஒரே ஒரு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியை மாட்டி முழு வீட்டையும் அதன் தலையில் கட்டுவது. கணினி, எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர் ஏசி என்று ஒவ்வொரு மின்னணுக் கருவியும் இயல்பாகவே அரை மில்லி ஆம்ப், ஒரு மில்லி ஆம்ப் என்று எர்த்துக்குக் கசியவிடும். இருபது கருவி சேர்ந்தால் அதுவே பதினைந்து, இருபது ஆகிவிடும். 30 என்று போட்டிருக்கும் கருவி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். மழை நாள் ராத்திரியில் காரணமே இல்லாமல் வீடு அணையும். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு யாரோ ஒருவர் அதை பைபாஸ் செய்துவிடுவார். அப்புறம் பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரியான அடுக்கு இது. மெயினில் 100 அல்லது 300 மில்லி ஆம்ப், கொஞ்சம் தாமதித்து விழும் எஸ் வகை. ஒவ்வொரு மாடி டிபியிலும் 30 மில்லி ஆம்ப் குறைந்தது இரண்டு: தண்ணீர் புழங்கும் இடங்களுக்கு ஒன்று, மற்றவைக்கு ஒன்று. ஃப்ரிட்ஜுக்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கணினிக்கும் தனி ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்த கருவி). வகையிலும் கவனம் தேவை. ஆர்சிசிபியில் ஏசி (AC) வகை என்று அச்சிட்டிருப்பது வெறும் மாறுதிசைக் கசிவை மட்டும் பார்க்கும்; குளிரூட்டும் ஏசிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இன்றைய கருவிகளின் கசிவில் துடிப்பு நேர்மின்சாரமும் கலந்திருப்பதால் ஏ வகை வாங்குங்கள். கார் சார்ஜருக்கு பி வகை ஆர்சிசிபி, அல்லது 6 மில்லி ஆம்ப் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருக்கவேண்டும்.

எம்சிபியில் பி வகை, தன் அளவைப்போல 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். லைட், பிளக், ஹீட்டருக்கு பி. மோட்டார், ஏசி போலத் தொடங்கும்போது இழுப்பவைக்கு சி. மின்னல் அலையைத் தாங்கும் எஸ்பிடி மெயின் டிபியில் ஒன்று. அதன் இணைப்பு ஒயர் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், நீண்டால் பயன் குறையும்.

எர்த் ஒயர் ஒவ்வொரு பாயின்டுக்கும் போகவேண்டும், இன்று அங்கே பிளாஸ்டிக் விளக்குதான் என்றாலும். நாளைக்கு யாரோ உலோகச் சரவிளக்கு மாட்டுவார். உலோகத் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் இரண்டையும் மெயின் எர்த் பட்டையோடு இணைக்கவேண்டும். மொட்டை மாடிக் குளியலறைக்கு எர்த் போகிறதா என்பதைக் கடைசியில் அளந்து பார்க்கவும் மறக்காதீர்கள். அங்கேதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

இன்டர்நெட் கேபிளுக்குத் தனிப் பைப், மின்சார ஒயரோடு ஒரே பைப்பில் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கூரை நடுவில் ஒரு கேட் 6 முனை விட்டால் வைஃபை பெட்டி மாட்டலாம். இதற்குமேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வேலையின் வரிசை

வீட்டில் குடியிருந்துகொண்டே செய்வதானால் இப்படி. முதலில் புது மெயின் டிபியையும் செங்குத்துக் கேபிள்களையும், பழைய ஒயரிங்கைத் தொடாமல், பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பிறகு மேல் மாடியிலிருந்து கீழே வாருங்கள். தூசியும் இடிபாடும் படிக்கட்டு வழியாகக் கீழேதான் இறங்கும். முடித்த தளத்துக்குள் மறுபடி அது போகாது. மேல் மாடியில் வேலை நடக்கும்போது எல்லோரும் கீழே இருங்கள், பழைய ஒயரிங்கில். அது முடிந்து புது டிபியிலிருந்து மின்சாரம் வந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம். ஆட்களின் டிரில்லுக்கும் கட்டருக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி வைத்த ஒரு தற்காலிக போர்டு கட்டாயம். பாதி பிரித்த பழைய ஒயரிலிருந்து அவற்றுக்கு மின்சாரம் எடுக்க விடாதீர்கள்.

ஒவ்வொரு தளத்திலும் காடி, பைப், பெட்டி, பிறகு பூச்சு, பூச்சு காய்ந்த பிறகு ஒயர், பெயின்ட் முதல் கை முடிந்ததும் சுவிட்ச். பூச்சுக்கு முன்னால் ஒயர் இழுக்க அவசரப்படும் ஆளைத் தடுத்து நிறுத்துங்கள். பூசுவதற்கு முந்தின நாள், திறந்திருக்கும் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப்பை விரித்துவைத்துப் படம் எடுங்கள். பிற்காலத்தில் டிரில் போடும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும். பழைய ஒயர் சுவருக்குள் சிக்கி வராவிட்டால் இரண்டு முனையையும் வெட்டி மூடி, 'இணைப்பு இல்லை' என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் 'முழு ஒயரிங்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். பாயின்ட் எண்ணிக்கை, ஒவ்வொரு சர்க்யூட்டின் ஒயர் தடிமன், கருவிகளின் வகை, இடிபாடு அள்ளுவது யார், பூச்சு யாருடைய வேலை, இவை எழுத்தில் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

சோதனை

மின்சாரம் கொடுப்பதற்கு முன், எர்த் தொடர்ச்சி, பிறகு மெக்கர் என்ற அளவீட்டுக் கருவியை வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் (ஒயர் உறையின் காப்பு) சோதனை. விதிப்படி 1 மெகா ஓம் போதும். ஆனால் புது ஒயரில் நூற்றுக்கணக்கில் வரவேண்டும். ஒரு சர்க்யூட் மட்டும் 2, 3 என்று காட்டினால் எங்கோ ஒயர் உரசியிருக்கிறது அல்லது பெட்டியில் ஈரம். 'விதிக்குள் இருக்கிறது' என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். டிவி, எல்இடி, எஸ்பிடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. இல்லையென்றால் அவை பழுதாகும். மின்சாரம் வந்த பிறகு போலாரிட்டி (பேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்பது), எர்த் லூப் இம்பீடன்ஸ் (பழுதான மின்னோட்டம் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடை), ஒவ்வொரு ஆர்சிசிபியும் எத்தனை மில்லி விநாடியில் விழுகிறது என்பது. 30 மில்லி ஆம்ப் கசிவில் 300 மில்லி விநாடிக்குள் விழவேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது இந்த அளவீட்டுக்கு மாற்று இல்லை.

எண்களை ஒரு தாளில் சர்க்யூட் வாரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிபி கதவின் உள்பக்கம் ஒட்டும் பட்டியலில் 'லைட் 1', 'லைட் 2' என்று எழுதினால் உங்களுக்கே புரியாது; 'இரண்டாம் மாடி, தெற்கு அறைகள், லைட்' என்று எழுதுங்கள்.

ஆறு வாரம் கழித்து எலக்ட்ரீஷியன் ஒருமுறை வந்து, மெயினை அணைத்து, எல்லா டிபியிலும் ஒவ்வொரு திருகையும் மறுபடி முறுக்கிப் பார்க்கவேண்டும். சூடாகிக் குளிர்ந்து சில திருகுகள் அரைச் சுற்று வாங்கும், நியூட்ரல் பட்டையில் குறிப்பாக. இந்த வருகையையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, கடைசித் தவணைப் பணத்தை அதுவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.